எல்லாமே என்ஜி ஆவது ஏன்?

கேள்வி: ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் தரப் பிரிவில் வேலை சார். சோதனை மிஷின் 0 அனுப்பினால் ஓகே, 1 என்றால் என்ஜி (நோ குட், அதாவது தேறாத பாகம்), 9 என்றால் பார்கோடு படிக்க முடியவில்லை. பழைய இஃப்-எல்ஸை எடுத்துவிட்டு, பைத்தானின் மேட்ச்-கேஸில் எழுதினேன். முதலில் ‘கேஸ் 0’, கடைசியில் ‘கேஸ் என்ஜி’. மேலேயே என்ஜி = 1 என்று கொடுத்திருக்கிறேன். ஆனாலும் 9 வந்தால் என்ஜி கணக்கில் ஏறி, நல்ல பாகமும் ரெட் பின்னுக்குப் போகிறது. ஆவணத்தில் இதற்கு விளக்கமே கிடைக்கவில்லை.
– வாசகி, வல்லம்

பதில்: விளக்கம் இருக்கிறதம்மா, கண்ணில் படாத இடத்தில். 2021 அக்டோபரில் மேட்ச்-கேஸுடன் பைத்தான் 3.10 வெளிவந்தபோது, ‘புதிதாக என்ன’ பக்கத்தில் அதற்கான முதல் உதாரணமே 400, 404, 418 என்று வெறும் எண்களை வைத்தது. அதைப் பார்க்கிற யாரும் சி மொழியின் ஸ்விட்ச் என்றுதான் நினைப்பார்கள். எண் இருந்த இடத்தில் பெயரை வைத்தால் எல்லாம் மாறிவிடும் என்பது வெகுதூரம் கீழே, ஒரே வரியில் வருகிறது. முதல் பத்தியில் இருக்க வேண்டிய வரி அது.

‘கேஸ் என்ஜி’ என்றால் பைத்தான் ஒப்பிடாது. வந்த மதிப்பை, எதுவானாலும், என்ஜி என்ற பெயரில் போட்டுக்கொள்ளும். அந்த கேஸுக்குள் என்ஜியைப் பிரிண்ட் செய்து பாருங்கள், 9 என்று காட்டும். அதற்குக் கீழே இன்னொரு கேஸ் எழுதியிருந்தால் சின்டாக்ஸ் எரர் சொல்லி அங்கேயே நின்றிருக்கும். கடைசியில் இருந்ததால் சத்தமில்லாமல் ஓடியது.

பெயரில் புள்ளி இருந்தால்தான் ஒப்பிடும். நிலை என்று ஒரு கிளாஸ் எழுதி, அதற்குள் என்ஜி = 1 வைத்து, ‘கேஸ் நிலை.என்ஜி’ என்று கொடுங்கள். ஈனம் (Enum) வேண்டுமானால் இன்ட்ஈனம் (IntEnum) எடுங்கள். சாதா ஈனத்தில் மிஷின் தரும் 1 பொருந்தாது. 9-க்கும் தனி கேஸ் எழுதி, கடைசியில் ‘கேஸ் _’ வைத்து, தெரியாத எண் வந்தால் எரர் எழுப்பச் சொல்லுங்கள்.

மேட்ச்-கேஸுக்குப் பெப் (PEP, பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) ஆவணங்கள் மூன்று உண்டு. 634 இலக்கணம், 635 காரணம், 636 பாடம். 636-இல் தொடங்குங்கள். 634-ஐ முதலில் எடுத்தால் தலைதான் சுற்றும்.

இன்னொன்று: லைனில் உள்ள பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 7 என்றால், அதில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. அங்கே மேட்ச்-கேஸ் ஓடாது, பழைய இஃப்-எல்ஸையே வைத்துக்கொள்ளுங்கள்.