தம்பி தேய்த்த தகடு

தம்பிக்கு,

தக்கலைப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் தென்னை மட்டைகளுக்கு அடியில் கிடந்த பழைய பெட்ரோல் கைப் பம்பை மீட்ட கதையைத் தம்பி பன்னிரண்டு படங்களோடு எழுதியிருக்கிறார். இரண்டு முறை படித்தாயிற்று. முதல் முறை சந்தோஷமாக. இரண்டாவது முறை பூதக்கண்ணாடியோடு.

துரு எடுத்தது, டேங்கில் பெட்ரோல் வாடை அடங்கும்வரை வெல்டிங்கைத் தள்ளிப்போட்டது, பட்டி பார்த்தது, ரெட் ஆக்சைடு அடித்தது எல்லாம் தொழில் தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டிய சங்கதிகள் அல்ல. அவற்றில் குறையும் இல்லை. கோபம் வந்தது ஒன்பதாம் படத்தில்.

உச்சியில் கண்ணாடி உருளை, அதற்குள் ஒன்று முதல் ஐந்து வரை கேலன் எண் வில்லைகள். உடைந்துபோன வில்லைகளுக்குப் பதிலாக அமெரிக்காவிலிருந்து ஒரு செட் வரவழைத்து, அதோடு வந்த அளவுத்தாளின்படியே பொருத்தியதாகத் தம்பி பெருமையோடு எழுதுகிறார். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். இந்தியாவில் புழங்கியது இம்பீரியல் கேலன், 4.546 லிட்டர். தம்பியின் ஐந்தாம் வில்லை வரை நிரப்பினால் அந்தக் காலத்து வண்டிக்காரருக்கு 3.8 லிட்டர் குறையும். தக்கலை இருப்பது திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலையில். 1938-ல் திருவிதாங்கூர் அரசு சொந்தமாகப் பஸ் விட்டபோது முதலில் ஓடிய தடம். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரக் காசு என்று ஜனங்கள் எண்ணிக் கொடுத்த ஊர். அங்கே நின்ற பம்புக்கு அமெரிக்க அளவு எதற்கு?

அந்தக் கண்ணாடி அழகுக்கு வைத்ததல்ல. 1885-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்னில் பௌசர் என்பவர் மண்ணெண்ணெய்க் கடைக்காரருக்கு முதல் பம்பை விற்றார். பின்னால் அதே வகைப் பம்பு பெட்ரோலுக்கு வந்தபோது, இரும்புப் பெட்டிக்குள் எவ்வளவு ஓடுகிறது என்று வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வந்ததுதான் கண்ணாடி. நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளினால் பெட்ரோல் உருளைக்குள் ஏறும். மிஞ்சியது வழிகுழாய் வழியே கீழே திரும்பும். வாங்குகிறவர் பார்த்துச் சரி என்றதும் வால்வைத் திறந்தால் தன் பாரத்திலேயே வண்டிக்குள் இறங்கும். நாழி, மரக்கால், கோட்டை என்று நெல்லளந்த நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். பம்பு முதலில் ஓர் அளவை. வண்டிக்குத் தீனி போடும் இயந்திரம் என்பது அதற்கு அப்புறம்தான்.

இனி இரண்டாவது குறை. முதலாவதைவிடப் பெரியது.

மூன்றாம் படம், வேலை தொடங்குவதற்கு முன் எடுத்தது. பம்பின் நெஞ்சுப் பகுதியில் கறுத்த பித்தளைத் தகடு. அதன் கீழ் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு குழி ஆங்கில ‘சி’ எழுத்துப் போல் வளைகிறது, பக்கத்தில் ‘6’ போல் ஒரு சுழி. பதினொன்றாம் படத்தில் அதே தகடு கண்ணாடியாக மின்னுகிறது. பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, ‘முகம் தெரியும்வரை’ தேய்த்ததாகத் தம்பியே எழுதியிருக்கிறார்.

அந்தக் குழிகள் முத்திரை ஆய்வாளர் ஆணி வைத்து அடித்தவையாக இருக்கலாம். இன்றைக்கும் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு ஆண்டுதோறும் பெட்ரோல் பம்புகளைச் சோதித்து முத்திரையிடுகிறது. முத்திரையில் ஆண்டின் கடைசி இரண்டு எண், காலாண்டுக்கு ஏ, பி, சி, டி. ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பார்த்து 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பம்பில் விற்கக் கூடாது. தம்பியின் தகட்டில் இருந்தது ‘சி’யும், ஆண்டின் இரண்டு எண்ணில் முதலாவதான ‘6’-ம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அறுபதுகளிலும் அந்தப் பம்பு ஓடியிருக்கிறது. கேலனை ஒழித்து மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த சட்டம் 1956-ல் வந்தது, குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம். அறுபதுகளில் ஓடிய பம்பு என்றால் கடைசியில் அதில் இருந்தவை லிட்டர் வில்லைகளாகக்கூட இருந்திருக்கும். கேலனா லிட்டரா என்ற கேள்விக்கு விடை அந்தத் தகட்டில் இருந்தது. பஃபிங் சக்கரம் அதைத் தின்றுவிட்டது.

தேரூர்க் கவிமணி கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்து காந்தளூர்ச்சாலை பற்றி எழுதினார். யாராவது அவருக்கு முன்னால் போய்க் கல்லைப் பாலிஷ் போட்டிருந்தால்?

எழுபதுகளில் கோட்டாற்றில் ஒரு டிங்கர் பட்டறை இருந்தது. பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி 1976-ல் அரசு வசமாகி, அடுத்த வருஷம் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறிய சமயம். பெட்ரோல் பங்குகளில் போர்டும் பம்பும் நிறம் மாறின. பம்புகளிலிருந்து கழற்றிய கதவுகள் பட்டறைக்கு வந்து குவிந்தன. எடுபிடிப் பையன் ஒருவன் உப்புத்தாளை எடுத்து ஒரு கதவை மொத்தமாகச் சுரண்டத் தொடங்கினான். மேஸ்திரி வந்து கையைப் பிடித்தார். “மக்கா, நில்லு.” கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்தார். உள்ளே வட்டம் வட்டமாக மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள், அடியில் ஒரு பச்சை, அதற்கும் அடியில் ரெட் ஆக்சைடு. வெட்டிய மரத்தின் வளையம்போல் இருந்தது. “இதைப் பாத்துட்டு அப்புறம் சுரண்டு” என்றார். ஒவ்வொரு கதவிலும் அந்த நக அளவு வட்டத்தை உள்பக்கம் அப்படியே விட்டுவிட்டுத்தான் பெயின்ட் அடிப்பார். அந்தப் பையன்தான் இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறான். தம்பி சேண்ட் பிளாஸ்டிங் கொடுத்து வெள்ளி போல் ஆக்கிய தகரத்தின் படத்தைப் பார்த்தபோது அவன் தேடியது அந்த வட்டத்தை. இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பிஸ்டனுக்குத் தம்பி தானே வெட்டிய தோல் வாஷர் இருக்கிறதே, அது அபாரம். ரப்பர் போட்டு ஒப்பேற்றாமல், தோலை எண்ணெயில் ஊறவைத்து, மரஅச்சில் கிண்ணமாக அழுத்தி, விளிம்பைச் சீவி, ஆறு தரம் தோற்று ஏழாவது தரம் பிடித்திருக்கிறார். நெம்புகோலின் மூன்றாவது தள்ளலில் கண்ணாடிக்குள் திரவம் ஏறியது என்ற வரியைப் படித்தபோது கண் கலங்கியது. உப்புக் காற்று குடித்த இரும்பை நான்கு நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, குழிக்குள் இருந்த உப்பை வெளியேற்றிய பொறுமையும் லேசுப்பட்டதல்ல. இந்தக் கை இந்த மாவட்டத்தில் இன்னொருவருக்கு இருக்கிறதா என்பது சந்தேகமே.

வில்லைகளைக் கழற்றிவிடலாம். முத்திரை பெற்ற அளவுக் கேனை வைத்து 4 லிட்டர் 546 மில்லியாகத் தண்ணீர் ஊற்றி, நிற்கும் மட்டத்தில் புது வில்லை பொருத்தினால் அந்தக் குறை தீர்ந்தது. தகட்டுக்கு இனி வைத்தியம் இல்லை. மூன்றாம் படத்தைப் பெரிதாக அச்சிட்டு பம்பின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

குலசேகரத்தில் இன்னொரு பம்பு கிடைத்திருப்பதாகக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதன் தகட்டில் துணிகூடப் படக் கூடாது. மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, குழிகளைப் படியெடுத்து இந்த வாரமே தபாலில் அனுப்புங்கள். பூதக்கண்ணாடி மேசைமேல்தான் இருக்கிறது.