குடிநீரும் கட்டணமும்: கோச்சபம்பா புகட்டும் பாடம்

குடிநீருக்குக் கட்டணம் என்ற பேச்சு எழுந்தவுடன், "மழையாக வந்த நீருக்கும் காசா?" என்று கேட்போர் நம் கிராமங்களில் பலர் உளர். மழைக்கு விலையில்லை என்பது மெய்யே. ஆயினும், நீரை இறைக்க மோட்டார் வேண்டும். மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவவும், குளோரின் கலக்கவும், உடைந்த குழாயைச் சீராக்கவும் ஆளும் பொருளும் வேண்டும். கழிவுநீரை அகற்றுவதற்கும் இவ்வாறே செலவுண்டு. அச்செலவை எவ்வாறு பங்கிடுவது, அதனை யார் முடிவு செய்வது, வசூலான பணத்துக்கு யார் கணக்குக் காட்டுவது என்பவையே நாம் ஆராய வேண்டியவை. இவற்றை மறந்ததால் ஓர் ஊர் பட்ட பாட்டை ஈண்டுக் காண்போம்.

ஒப்பந்தம் பிறந்த கதை

தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கில் அமைந்த நகரம் கோச்சபம்பா. அங்கு நீர்ப் பஞ்சம் பழையது. நகருக்கு நீர் வழங்கிய 'செமாப்பா' என்னும் பொது நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. அதன் குழாய்கள் தென்புறத்து ஏழை மக்களில் பெரும்பாலோரைச் சென்றடையவில்லை. அவர்கள் லாரி நீரை அதிக விலைக்கு வாங்கினர். சிலவிடங்களில் தாமே கூடி உழைத்துக் கிணறு தோண்டிக் குழாய் பதித்துக்கொண்டனர். சுற்றுப்புற உழவர்கள் தொன்றுதொட்டு வந்த வழக்கப்படி பாசன நீரைப் பங்கிட்டு வந்தனர்.

தனியார்வசம் ஒப்புவிக்குமாறு உலக வங்கி வற்புறுத்தி வந்த காலம் அது. 1999 செப்டம்பரில் அரசு, 'அகுவாஸ் தெல் துனாரி' என்னும் கம்பெனியுடன் 40 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்துக்கு அதில் பெரும் பங்கு இருந்தது. ஏலம் கேட்க வந்தது அந்த ஒரே கம்பெனிதான். முதலீட்டுக்கு ஆண்டுதோறும் 15 சதவீதத்துக்குக் குறையாத வருவாய் உறுதி செய்யப்பட்டது. அடுத்த மாதமே 2029-ஆம் எண் சட்டம், உரிமம் பெற்றவருக்கு அவர் எல்லைக்குள் தனியுரிமை அளித்தது. தம் கையால் தோண்டிய கிணற்றிலும் கம்பெனி மீட்டர் வைக்குமோ என்ற அச்சம் மக்களைப் பற்றிக்கொண்டது.

மக்கள் எழுச்சி

2000 ஜனவரியில் புதிய கட்டணச் சீட்டுகள் வந்தன. உயர்வு சராசரியாக 35 சதவீதமே என்றது கம்பெனி. இருமடங்கு கட்ட நேர்ந்த வீடுகளும் பல. பழைய கடனும், மிசிகுனி அணைத் திட்டச் செலவும், உறுதியளித்த இலாபமும் சேர்ந்து பயனாளிகளின் தலையில் விழுந்தன. ஒரு குடம் நீர் கூடுதலாக வருமுன்னே கட்டணம் வந்து நின்றது.

தொழிற்சங்கத் தலைவர் ஆஸ்கார் ஒலிவேரா முதலானோர் முன்னின்று நடத்திய கூட்டமைப்பில் தொழிலாளரும் உழவரும் நகர மக்களும் ஒன்று சேர்ந்தனர். ஏப்ரல் 8 அன்று அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 17 வயது இளைஞன் ஒருவன் உயிர் துறந்தான். இரண்டு நாளில் ஒப்பந்தம் முறிந்தது, சட்டமும் திருத்தப்பட்டது. இழப்பீடு கோரிப் பன்னாட்டு நடுவர் மன்றம் சென்ற கம்பெனி, 2006 ஜனவரியில் அவ்வழக்கைக் கைவிட்டது.

வெற்றிக்குப் பின்

கதை இத்துடன் முடிந்திருந்தால் பாடம் எளிதாயிருக்கும். செமாப்பா மீண்டும் பொதுநிறுவனம் ஆயிற்று. ஆனால் குழாய்க் கசிவும் நிர்வாகச் சீர்கேடும் தொடர்ந்தன. தென்புறத்து மக்கள் பின்னும் பல ஆண்டுகள் லாரி நீரையே நம்பி வாழ்ந்தனர். மிசிகுனி அணை 2017-இல்தான் திறக்கப்பட்டது. குழாய் உள்ளவர் குறைந்த கட்டணமும், குழாயில்லா ஏழை மிகுந்த விலையும் கொடுக்கும் அநீதி, கம்பெனி வருமுன்னும் இருந்தது; அது போன பின்னும் இருந்தது. குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28-இல் பொலிவியாவின் முயற்சியால் தீர்மானித்தது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது; அது குழாய் வழியே வீடு சேர வேண்டும்.

நாம் கொள்ள வேண்டியவை

முதலாவது, கட்டணம் விதிக்குமுன் பயனாளிகளைக் கலந்து பேசுதல் வேண்டும். இரண்டாவது, சேவை முன்னும் உயர்வு பின்னும் வருதல் முறை. மூன்றாவது, இணைப்பற்ற வீட்டுக்கு முதலில் இணைப்புத் தருவதே ஏழைக்குச் செய்யும் பெரிய சலுகை. நான்காவது, ஊரார் உழைத்து உண்டாக்கிய நீர்நிலையை அவர்தம் இசைவின்றிப் பிறர்க்கு ஒப்படைத்தல் தகாது.

அரசியலமைப்பின் 11-ஆம் அட்டவணையில், ஊராட்சிகளின் பொறுப்புக்கு உரியனவாகச் சொல்லப்பட்ட பொருள்களுள் குடிநீரும் ஒன்று. ஆகவே, கோச்சபம்பா மக்கள் வீதியில் நின்று கேட்க நேர்ந்த கேள்விகளை நாம் கிராமசபையில் அமர்ந்தே கேட்கலாம். மின்கட்டணம் எவ்வளவு, பழுதுபார்ப்புக்கு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை யார்யாரிடம் என்ற கணக்கு ஊரறியப் படிக்கப்படட்டும். கட்டணம் செலுத்துவதும் கணக்குக் கேட்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். ஒன்றை விட்டால் தொட்டி வறளும். மற்றொன்றை விட்டால் நம்பிக்கை வறளும். இரண்டையும் நாம் தவறாது ஆற்றுவோமாக!