கேட்கும் செவியும் மதிப்பிடும் செவியும்

முன்னுரை

இசையைக் கேட்பது இன்பம். இசையை மதிப்பிடுவது பொறுப்பு. இரண்டும் ஒரே செவியின் தொழிலாயினும் இரண்டும் ஒன்றல்ல. வானொலிக் கச்சேரியைக் கேட்டு மகிழும்போது நாம் எவருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. பாட்டுப் போட்டியில் நடுவராக அமரும்போதோ, இடுகின்ற ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்களாகிறோம். பள்ளி, கல்லூரி விழாக்களில் தமிழாசிரியர்களையே பாட்டுப் போட்டிக்கு நடுவராக அமர்த்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆதலின், கேட்டு மகிழும் முறையையும் மதிப்பிடும் முறையையும் நீலகிரி மலைப்பகுதியில் நாம் கண்டவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் மதிப்பீடு

கலையை அவையில் வைத்து மதிப்பிடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். பரிசைச் சில அடிகளில் சொல்லி முடிக்கும் இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணத்தை விரிவாக வகுத்துரைக்கிறார். அரங்கின் அளவும் அமைப்பும் கூட அங்கே சொல்லப்படுகின்றன. பரிசுக்கு முன் அளவுகோல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம். இன்ன இன்ன பண்புகளைக் காண்போம் என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளாத அவை, பரிசு வழங்கலாம், மதிப்பீடு செய்ததாகாது.

மலைக்கு வந்த கச்சேரி

சென்னையிலும் தஞ்சைத் தரணியிலும் வாழ்வோர்க்குக் கச்சேரி நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு அது வானொலி வழியாகவே வந்தது. சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கப்பட்டன. அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியது. அழைக்கப்பட்ட அவையோர் முன்னிலையில் பாடவைத்து ஒலிபரப்பும் சங்கீத சம்மேளனம் 1954-இல் தொடங்கியது. பின்னாளில் உதகமண்டலத்திலேயே ஒரு நிலையம் அமைந்தது.

இம்மலையின் வானொலிக் கேள்விக்கு மற்றொரு கிளையும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு மறுவாழ்வு அளிப்பதற்காக, 1968-இல் தமிழக அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. அவ்வாறு குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் குடியேறியோர், இலங்கை வானொலியைக் கேட்டுப் பழகிய செவியோடு வந்தனர். சபாவையோ பாட்டு வாத்தியாரையோ காணாத லைன் வீடுகளிலும் நல்ல கேள்வி ஞானம் இருந்தது இதனால்தான். வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருப்பது இவ்விடத்தில் நினையத்தக்கது.

வானொலிக் கேள்வியில் ஒரு நன்மை உண்டு. பாடுபவரின் முகமும் ஆடையும் அணியும் புலப்படா. குரல் மட்டுமே வரும். மாணவர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே கொள்ளலாம். அறிவிப்பாளர் இராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் அதனை மறந்துவிட்டு, அதே இராகத்தில் முன்பு கேட்ட வேறொரு பாட்டை நினைவுக்குக் கொண்டுவர முயலவேண்டும். அவர் சொல்வதற்கு முன்பே கச்சேரி தொடங்கிவிட்டால், இராகம் இன்னதென்று தாமே எண்ணிப் பார்த்து, பின்னர் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பத்துக் கச்சேரிகளை இவ்வாறு கேட்பது, நூறு கச்சேரிகளை வேலைக்கிடையே கேட்பதினும் சிறந்தது.

திரைக்குப் பின்னால் ஒரு குரல்

முகம் காணாது கேட்கும் இந்நன்மையை மதிப்பீட்டுக்கும் பயன்படுத்தியது வானொலித் துறையே. 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில், கலைஞர்களைக் குரல் தேர்வு செய்து தரம் பிரிக்கும் முறை வலுப்பெற்றது. பாடுபவர் இன்னார் என்று நடுவர்க்குத் தெரியாதவாறு கேட்டுத் தரமிடுவதே அதன் அடிப்படை. ‘பி’, ‘பி-ஹை’, ‘ஏ’, ‘டாப்’ என்னும் தரங்கள் இசையுலகில் பெரிதும் பேசப்பட்டன. புகழ்பெற்ற கலைஞர்கள் பலர் இத்தேர்வை எதிர்த்தனர். வாழ்நாள் முழுதும் பாடிய ஒருவரைச் சில நிமிடப் பாட்டால் அளக்கலாமா என்னும் அவர்தம் கேள்வியில் நியாயம் உண்டு. எனினும், பெயரைக் கேளாமல் குரலைக் கேட்பது என்னும் கொள்கையை எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே காலத்தில் வானொலி திரையிசைக்கு இடத்தைச் சுருக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். 1957-இல் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இது ஒரு காரணம். மதிப்பீட்டைத் துறை செய்யலாம்; சுவையை ஆணையிட்டு வளர்த்தல் இயலாது என்பதற்கு இது சான்று.

ஷேக் சின்ன மௌலானா அவர்களை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். 1924-இல் ஆந்திரத்துக் கரவடியில் பிறந்து, தஞ்சை நாகசுர மரபில் தோய்ந்து, திருவரங்கத்தை வாழ்விடமாகக் கொண்ட அவர், 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அவருடைய நாகசுரத்தை வானொலியில் கேட்டோர், வாசிப்பவர் எச்சமயத்தவர் என்று கேட்டு மகிழவில்லை. வாசிப்பைக் கேட்டே மகிழ்ந்தனர். கலைக்கு உரிய நேர்மையான செவி அதுவே.

ஒரு போட்டியும் ஒரு கேள்வியும்

நேர்மையான செவியை நாமே இழந்த ஒரு நிகழ்ச்சியையும் இங்கே மறையாது கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் ஒரு பள்ளியில் நடைபெற்ற மரபிசைப் போட்டிக்கு மூன்று நடுவருள் ஒருவராகச் சென்றிருந்தோம். முறையாகப் பயின்ற மாணவன் ஒருவன் பெரிய கீர்த்தனையொன்றைக் கற்பனைச் சுரங்களோடு பாடினான். விரைவும் துணிவும் அவையை ஈர்த்தன, கைதட்டல் எழுந்தது. அடுத்து, தோட்டத் தொழிலாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி சிறிய பாடலொன்றைப் பாடினாள். வானொலியின் இசைப்பயிற்சி நிகழ்ச்சியைக் கேட்டுக் கற்றதாகப் பின்னர் அறிந்தோம். சுருதி சிறிதும் விலகவில்லை. ஒரு சொல்லும் சிதையவில்லை. முதற்பரிசு மாணவனுக்குச் சென்றது. சிறுமிக்குப் பரிசு எதுவும் இல்லை.

விழா முடிந்து புறப்படுகையில் அவள் நம்மிடம் வந்து, “சார், நான் எந்த எடத்துல தப்பாப் பாடினேன்?” என்று கேட்டாள். மதிப்பெண் தாளைப் பிரித்துப் பார்த்தோம். மொத்த மதிப்பெண் இருந்தது. பிழை என்று ஒரு குறிப்பும் இல்லை. மாணவனுடைய தாளிலும் அவ்வாறே. அவனோ விரைந்து பாடிய இடங்களில் சுருதியை விட்டு விலகியிருந்தான். அதனை நாம் செவியால் உணர்ந்தும் எழுதவில்லை. கைதட்டலின் ஒலி நம் எழுதுகோலை நகர்த்திவிட்டது. “தப்பு ஒண்ணும் இல்லம்மா” என்று சொன்னோம். “அப்புறம் ஏன் சார்?” என்று அவள் கேட்கவில்லை, தலையசைத்துவிட்டுச் சென்றாள். கேட்டிருந்தால் நம்மிடம் விடை இல்லை.

மதிப்பிடும் முறை

அந்நாள் முதல் நாம் பின்பற்றி வரும் முறையை மாணவர்க்கும் உடன் பணிபுரியும் ஆசிரியர்க்கும் இங்கே வைக்கிறோம்.

1. சுருதி: பாட்டு சுருதியில் நிற்கிறதா என்பதே முதற் கேள்வி. ஏனைய சிறப்புகள் அனைத்தும் இதன்மேல் எழுவன. தொடக்கத்தில் சேர்ந்திருந்து மேல்நிலையில் விலகுவதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. தாளம்: விரைவு வேறு, தாளக்கட்டு வேறு. மெதுவான நடையில் காலம் தவறாமல் பாடுவதே கடினம்.

3. சொல்: தமிழாசிரியர் தயங்காது தீர்ப்புக் கூறக்கூடிய இடம் இது. தாளத்துக்காகச் சொல்லைத் தவறான இடத்தில் பிளப்பதும், லகர ளகர ழகர வேறுபாட்டை விடுவதும் பொருளைக் கெடுக்கும்.

4. இராக உருவம்: பாடுபவர் எத்தனை சுரம் பாடினார் என்பதன்று, இராகத்தின் முகம் தெரிந்ததா என்பதே காணத்தக்கது.

5. மெய்ப்பாடு: பாட்டின் உணர்வு குரலில் வந்ததா என்று இறுதியில் காணலாம். இது நடுவரின் சுவையைச் சார்ந்ததாகையால் இதற்குரிய மதிப்பெண் மிகுதியாக இருத்தல் கூடாது.

பாடலின் அருமைக்குத் தனி மதிப்பெண் வேண்டுமாயின் அதனைப் போட்டிக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஒரு நிறை, ஒரு குறை எழுதாமல் மொத்தத்தைக் கூட்டுதல் ஆகாது.

நம் சமுதாயத்தார்க்கு இம்முறை அறியாததன்று. திருக்குர்ஆன் ஓதுதல் இசையன்று. அதனை இசையோடு ஒப்பிடுவது நம் கருத்துமன்று. எனினும், கிராஅத் போட்டிகளில் நடுவர்கள் எழுத்துகள் பிறக்கும் இடம், நீட்டும் அளவு, நிறுத்தும் இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே தீர்ப்பளிப்பர். இனிய குரல் உடையவராயினும் எழுத்தைப் பிறழ ஓதினால் மதிப்பெண் குறையும். பிழையைச் சுட்டிக் காட்டித் திருத்தும் பண்பும் அங்கே உண்டு. பாட்டுப் போட்டி நடுவர்கள் இவ்வொழுங்கைக் கற்றுக்கொள்ளலாம்.

அளவுகோலின் எல்லை

எந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. இதே மலையில் கோத்தர்கள் ஊதும் குழலுக்கும் முழவுக்கும் தனி இலக்கணம் உண்டு. தோடர் பாடல்களை மொழியறிஞர் எமனோ தொகுத்து ஆராய்ந்து 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். அப்பாடல்களில் தொடர்கள் இணை இணையாக வரும். அவ்விணைகளை அறிந்தவர்க்கே முழுச் சுவையும் கிட்டும். இவற்றைக் கருநாடக இசையின் கோலால் அளந்து குறை காண்பது, குறிஞ்சி நிலத்தில் நெய்தலைத் தேடுவது போன்றதாகும்.

தொலைக்காட்சிப் போட்டிகள் வேறொரு சிக்கலைக் கொணர்ந்தன. விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ போன்ற நிகழ்ச்சிகளில் நேயர் வாக்கும் வெற்றியைத் தீர்மானித்தது. வாக்கு விருப்பத்தைக் காட்டும், அது தவறன்று. விருப்பத்தையே தகுதி என்று மயங்குவதுதான் தவறு.

முடிவுரை

கேட்கும்போது உள்ளத்தை முழுதும் திறந்து வைப்போம். அங்கே நமக்குப் பிடித்தது எதுவோ அதுவே நமக்குச் சிறந்தது. நடுவராக அமரும்போது அவையின் கைதட்டலுக்கும் பாடுபவரின் பெயருக்கும் குடும்பத்துக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் செவியைச் சாய்க்காதிருப்போம். கேள்விக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர், நடுவுநிலைமைக்கும் ஓர் அதிகாரம் தந்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தவரே நடுவர்.

பரிசு பெறாத ஒரு பிள்ளை நம்மிடம் வந்து, ‘எந்த இடத்தில் தவறினேன்?’ என்று கேட்டால், தாளைப் பிரித்து அந்த இடத்தைக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாத தீர்ப்பை எழுதாதிருப்பதே நாம் கலைக்கும் அப்பிள்ளைக்கும் செய்யும் நீதி.