பழைய மெட்ராஸ் படத்தில் இருப்பது எந்தக் கட்டடம்?

பழைய சென்னைப் படம் ஒன்று கையில் கிடைத்தால் பார்வை நேராக நடுவில் நிற்கும் கட்டடத்துக்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்து ஓரங்களைப் பாருங்கள். துப்பு அங்கேதான் கிடக்கிறது.

முதலில் காலத்தைப் பிடியுங்கள். சாலையில் மின்சார டிராம் ஓடினால் படம் 1895க்கும் 1953க்கும் இடைப்பட்டது. தொலைவில் உயர் நீதிமன்றத்தின் கோபுரங்கள் தெரிந்தால் 1892ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. அதன் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. ரிப்பன் மாளிகை கட்டி முடிந்தது 1913இல், அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959இல். இவற்றில் எது இருக்கிறது, இருக்கவேண்டிய இடத்தில் எது இல்லை என்று குறித்துக்கொண்டே வந்தால் காலம் சுருங்கிவிடும். தபால் அட்டையில் உள்ள முத்திரை, படம் அதற்கு முந்தையது என்பதை மட்டுமே சொல்லும்.

அடுத்து, நிழலை வைத்துத் திசை பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். அதனால் நண்பகல் நிழலை நம்பாதீர்கள். காலை, மாலை நீள்நிழல்தான் உதவும். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பெயர்ப்பலகை எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பழைய வரைபடம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அச்சான ஆண்டைவிட நிலம் அளந்த ஆண்டே முக்கியம். பெயர்கள் மாறியிருக்கும்: மவுண்ட் ரோடு இன்று அண்ணா சாலை, பிராட்வே பிரகாசம் சாலை. ஆனால் தெருவின் வளைவும் கூவம் ஆற்றின் திருப்பமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவர் நின்ற இடத்தைக் குறியுங்கள். பிறகு முன்னால் நீட்டிய போர்டிகோ, மதில், பக்கத்துச் சந்து ஆகியவை வரைபடக் கோட்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய டைரக்டரியில் முகவரி கிடைத்தாலும் கதவு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய எண், புதிய எண் குழப்பம் இந்த ஊரில் எல்லோரும் அறிந்ததே.

இடம் பொருந்தியதும் கட்டடமும் அதுதான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த இடத்தில் இன்று நிற்பது புறநகர் ரயில் நிலையம். நேரில் போய் கடைப் பலகைகளுக்கு மேலே, மாடி ஜன்னல் வளைவையும் கைப்பிடிச் சுவரையும் படத்தோடு ஒப்பிடுங்கள். முன்பக்கம் மறைந்திருந்தால் பக்கத்துச் சந்தில் நுழையுங்கள். பூச்சு மாறினாலும் ஜன்னல்களின் வரிசையை யாரும் லேசில் மாற்றுவதில்லை.