திரைக்குப் பின்னால் ஒரு வயலின்

கேள்வி: ஐரோப்பிய வாத்திய கோஷ்டிகளில் வயலின் வித்வானாக இடம்பெற எத்தகைய பயிற்சி வேண்டும்?

பதில்: 1842-இல் தோன்றிய வியன்னா பில்ஹார்மோனிக்கையே எடுத்துக்கொள்வோம். பால்யத்திலேயே வில்லைப் பிடித்து, சங்கீதக் கலாசாலையில் பல வருஷங்கள் அப்பியாசம் செய்தவராயினும், முதலில் அந்நகரத்து அரசாங்க ஆபெரா கோஷ்டியில் தேர்ச்சி பெற்று, 3 வருஷங்களேனும் அங்கே ஊழியம் செய்த பின்னரே ஒருவர் அதன் அங்கத்தினராக விண்ணப்பிக்க முடியும். வாசிப்பவரின் முகம் தெரியாதபடி திரை கட்டிப் பரீட்சை நடத்துவார்கள். அப்படியிருந்தும் 1997 வரை ஸ்திரீகளை அங்கத்தினராக ஏற்காதது பெரிய அநியாயமே. மோஸார்ட்டின் கன்ஸெர்ட்டோ ஒன்றும், ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டான் யுவான்’ முதற்பக்கமும் இத்தகைய பரீட்சைகளில் உலகெங்கும் வழக்கமாகக் கேட்கப்படுபவை.

ஆனால், தனித்து ஒலிக்கவே வருஷக்கணக்கில் பழகிய கரம், பரீட்சையில் தேறிய மறுநாளே, பக்கத்திலுள்ளவரின் வில் மேலேறும்போது தானும் ஏறி, தன் நாதம் தனியே கேளாதவாறு கலந்துவிடக் கற்க வேண்டியிருக்கிறதே, அதுதான் என் அபிப்பிராயத்தில் மிகக் கடினமான வித்தை. இருவருக்கு ஒரே ஸ்வரத்தாள். உட்புறம் அமர்ந்தவர் வாசிப்பை நிறுத்திப் பக்கத்தைப் புரட்டும் அந்த க்ஷணத்தில், மற்றவர் இழை அறுந்துவிடாமல் வாசித்துக்கொண்டே இருப்பார்.