போடாத பூட்டுக்குச் சாவி கேட்கிறதே!

கேள்வி: லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் செய்தேன். அதிலிருந்து நீலத் திரையில் 'ரெகவரி கீ' கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே! ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபோட்டோக்களை எடுத்துவிடலாமா?

பதில்: முடியாது. பூட்டியது நீங்கள் இல்லை, விண்டோஸ். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழைந்ததுமே, பல மாடல்களில் விண்டோஸின் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு வசதி சத்தமில்லாமல் டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம், யாரும் சொல்வதில்லை.

சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பின் காவலில் இருக்கும். பயாஸ் மாறியதும் அந்தச் சிப்புக்குச் சந்தேகம் வந்து, சாவியைத் தர மறுக்கிறது. டிஸ்க்கை எங்கே மாட்டினாலும் அதே பூட்டுதான்.

நல்ல செய்தி, சாவியின் நகல் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டிலேயே இருக்கும். திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மொபைலில் அதே அக்கவுன்ட்டில் நுழைந்து, லேப்டாப்பின் பெயருக்குக் கீழே அதே ஐடி உள்ள 48 இலக்க எண்ணைத் தேடுங்கள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபடும். வகுபடவில்லையா? தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

லேப்டாப்பை முதலில் செட்அப் செய்தது மகனோ கடைக்காரரோ என்றால், அவருடைய அக்கவுன்ட்டிலும் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் கேளுங்கள். அதுவரை யார் சொன்னாலும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.