தொலைக்காட்சிப் பேழை செய்வோம்



ஊரில் எமது முன்னோர் வேம்பு, பலா, தேக்கு ஆகிய மரங்களிலே தளபாடங்கள் செய்வித்தனர். நாம் வாழும் பிரித்தானியாவிலோ எம்.டி.எவ். எனப்படும் நார்ப்பலகை பரவலாகப் பயன்படுகின்றது. மரத்தை நுண்ணிய நாராக்கிப் பசையுடன் கலந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்யப்படுவது அது. கணுவும் இழையோட்டமும் அற்றதாகையால் நிறந்தீட்டுவதற்கு மிக உகந்தது. இப்பலகையில் தட்டுகளுடன் கூடிய தொலைக்காட்சிப் பேழை செய்யும் முறையைக் கற்போம். பேழையின் அழகு அதன் நிறத்திலே தெரியும். அதன் உறுதியோ கண்ணுக்குப் புலப்படாத இடங்களிலேயே உள்ளது.

அளவும் கணக்கும்

அகலம் 1200, உயரம் 500, ஆழம் 400 மில்லிமீற்றர் எனவும், பலகையின் தடிப்பு 18 மி.மீ. எனவும் கொள்வோம். மேற்பலகையும் அடிப்பலகையும் 1200 × 400 ஆகும். இவ்விரண்டின் தடிப்பு 36. ஆகவே அவற்றிடையே நிற்கும் இரு பக்கப்பலகைகளும் நடுப்பலகையும் 464 உயரமே இருத்தல் வேண்டும். நிற்கும் மூன்று பலகைகளின் தடிப்பு 54. 1200இல் 54 போக எஞ்சும் 1146ஐ இரண்டாற் பிரித்தால், ஒவ்வொரு தட்டின் நீளமும் 573 ஆகும். மின்வடங்கள் செல்வதற்காகத் தட்டின் ஆழத்தை 380 ஆகக் குறைத்துக்கொள்க.

நடுப்பலகை எதற்கு? பாரம் மாறாதிருக்கத் தட்டின் நீளம் இருமடங்கானால், அதன் வளைவு எட்டு மடங்காகும் (2 × 2 × 2 = 8).

வெட்டுதல்

2440 × 1220 அளவுள்ள ஒரு பலகையே போதும். அதன் நிறை ஏறத்தாழ 40 கிலோகிராம், இருவராகவே தூக்குக. இயலுமாயின் கடையிலேயே இயந்திரத்தால் வெட்டுவித்துக்கொள்க. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை 1995இலும், இப்பலகைகளின் பசையிற் பெரும்பாலும் சேரும் போமல்டிகைட்டை 2004இலும் புற்றுநோய் விளைவிப்பனவாக வகைப்படுத்தியது. ஆதலால் வெட்டும்போதும் தேய்க்கும்போதும் தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, வெளியிலே வேலை செய்க. சிறுவர்கள் அப்பொழுது அருகில் நிற்றலாகாது.

பொருத்துதல்

நார்ப்பலகையின் விளிம்பு எளிதிற் பிளக்கும். முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளி, முதலில் 3 மி.மீ. துளையிட்டு, மரப்பசை பூசி, 4 மி.மீ. திருகாணியால் இறுக்குக. பின்னர் முன்பக்கத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க. பைதகரசின் தேற்றப்படி இரண்டும் 1300 மி.மீ. இருத்தல் வேண்டும். வேறுபட்டால் பேழை சாய்ந்துள்ளது; பசை காயுமுன் சரிசெய்க. தட்டுகளைச் சிறு மரச்சட்டங்கள் தாங்கட்டும். பின்புறத்தில் 6 மி.மீ. பலகையை அறைக. மின்வடத்திற்கும் வெப்பம் வெளியேறுவதற்கும் அதிலே துளைகள் வேண்டும்.

நிறந்தீட்டுதல்

வெட்டிய விளிம்பு கடற்பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வீங்கும். அதனை மண்கடதாசியாலே தேய்த்து, அடிப்பூச்சு இருமுறை பூசி, காய்ந்தபின் மீண்டும் தேய்க்க. அதன்பின் பேழை முழுவதற்கும் அடிப்பூச்சும், அதன்மேல் மெல்லிய இரு பூச்சுகளாக நிறமும் இடுக. தடித்த ஒரு பூச்சிலும் மெல்லிய இரு பூச்சுகளே சிறந்தவை.

சுவருடன் பிணைத்தல்

தட்டுகள் சிறுகுழந்தையின் கண்ணுக்குப் படிகளாகவே தோன்றும். குழந்தை ஏறினால் பேழையும் தொலைக்காட்சியும் முன்னே சரியக்கூடும். இவ்வாறு பல நாடுகளிற் குழந்தைகள் உயிரிழந்துள்ளனர். ஆகவே பேழையை உலோகக் கோணத்தகட்டாலும், தொலைக்காட்சியைப் பட்டியாலும் சுவருடன் பிணைக்க. வெற்றுச் சாந்துப்பலகைச் சுவர் பாரம் தாங்காது. உள்ளே மரச்சட்டமுள்ள இடத்தைக் கண்டறிந்து திருகுக. துளையிடுமுன் அங்கே மின்கம்பியோ நீர்க்குழாயோ செல்கின்றதா எனவும் பார்க்க. விருந்தினர் எவரும் இத்தகட்டைப் பாராட்டமாட்டார். ஆயினும் இது இல்லாத பேழை முடிவுற்ற பேழை ஆகாது.

பயிற்சி

1. பேழையின் அகலம் 1500 மி.மீ. ஆனால் ஒவ்வொரு தட்டின் நீளமும் யாது?
2. அகலம் 800, உயரம் 600 மி.மீ. ஆயின் மூலைவிட்டம் எவ்வளவு?
3. உளி, சீவுளி, மூலைமட்டம், நீர்மட்டம் ஆகியவற்றின் பயனைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொரு வாக்கியம் எழுதுக.